பச்சைப் புள்ளி வைத்த நாற்காலிகள்

"கை தெரியுதுங்க. இன்னும் பின்னால போங்க."

இராமலிங்கம் வளைவுக்குப் பின்னால் மேலும் குனிந்தார். காகிதப் பூ சுற்றிய இரும்பு வளைவு அது. மண்டபமாக இருந்தால் தூணில் கயிறு கட்டி நிறுத்திவிடலாம். கடை முற்றத்தில் கட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் அவரே தாங்கிக்கொண்டு நின்றார். ஜெயலட்சுமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, போனை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினாள். பாதி நகர்த்துவதற்குள் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. அதை ஒட்டியே இன்னொன்றும்.

"இருங்க. தூசி அடங்கட்டும்."

"இடுப்பு புடிச்சுக்கிச்சுடி."

"ஒரே ஒரு தடவ."

"காலையிலேருந்து இதத்தான் சொல்ற."

தூசி அடங்கியது. அடங்கியதெல்லாம் பூவின் மேல்தான். அவள் இறங்கி, ஈரத்துணியை எடுத்து வெள்ளை ரோஜாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினாள். இந்த முறை கணவரின் கை தெரியவில்லை. தலைமுடி கொஞ்சம் தெரிந்தது. போதும் என்று விட்டுவிட்டாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் அவர்கள் கடை. 'நர்மதா பந்தல், வாடகைப் பாத்திரம்' என்று பெயர். மகள் பிறந்த வருஷம் ஆரம்பித்தது. முதலில் அண்டாவும் ஜமக்காளமும். பிறகு சாமியானா, நாற்காலி, ஜெனரேட்டர் என்று சேர்ந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்றால் ஆள் தேடிவந்து சொல்லிவிட்டுப் போவார்கள். சாவு வீட்டுக்கும் பந்தல் வேண்டும். பந்தலை இங்கே எடுத்துக்கொண்டு, உடம்பு கெடாமல் வைக்கிற ஐஸ் பெட்டிக்கு வேறு ஊருக்கு அலைந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, இராமலிங்கம் கடைசியில் பெட்டியும் ஒன்று வாங்கினார்.

நாற்காலிகளைப் பிரித்தது ஜெயலட்சுமி. சாவு வீட்டுக்குப் போகிறவற்றுக்கு அடிப்பக்கம் பச்சைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்தாள். அவை கொட்டகையின் பின்பக்கம் தனியாக அடுக்கியிருக்கும். ஜமக்காளமும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்கு வண்டி ஏறும் முன் ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் பார்ப்பாள். அப்படிச் செய் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. இப்படிச் செய்கிறாள் என்றும் அவள் கணவரையும் வண்டி ஓட்டுகிற சக்தியையும் தவிர யாருக்கும் தெரியாது.

கல்யாண வேலை நின்றுபோனது சத்தமில்லாமல். பெரம்பலூரில் ஈவென்ட்காரர்கள் சிலர் கடை போட்டார்கள். பெண் நடந்துவரும்போது புகை விடுகிற மெஷின் வைத்திருந்தார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் போனுக்குள் இருந்தார்கள். கல்யாணப் பெண்கள் இப்போது கடைக்கு வந்து அண்டாவைத் தட்டிப் பார்ப்பதில்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, அதை அப்பாவிடம் காட்டுகிறார்கள். இழவு சொல்லி ஓடிவருகிறவர்கள் மட்டும் பழையபடி கடைக்கே வந்தார்கள். டீக்கடையில் இவர்கள் கடைக்குப் பெட்டிக்கடை என்று பெயர் வைத்திருப்பதை சக்தி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். ஜெயலட்சுமி சிரிக்கவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற நர்மதா பொங்கலுக்கு வந்தபோது கடைக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். "வாரத்துக்கு ஒண்ணாவது போடும்மா. போடலன்னா செத்துரும்" என்றாள். அதிலிருந்து ஜெயலட்சுமிக்கு வேலை இரண்டாயிற்று. ஏற்றுவது, இறக்குவது, கழுவுவது, காயவைப்பது எல்லாம் முடிந்த பிறகு, யாரும் வாடகைக்குக் கேட்காத வளைவை முற்றத்தில் நிறுத்தி, அதற்குக் கல்யாண முகம் வரவைத்து வீடியோ எடுப்பது. எடுத்ததை நாலு பேர் பார்ப்பார்கள். அதில் ஒருத்தி நர்மதா.

தலைமுடி தெரிந்த அந்த வீடியோதான் அனுசுயா என்கிற கல்யாணப் பெண்ணின் கண்ணில் பட்டது.

உடையார்பாளையம் பக்கத்து ஊர். பெண் சென்னையில் வேலை பார்க்கிறவள். அப்பா ராஜராஜனைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் தாலி கட்டு, அரியலூர் மண்டபத்தில் வரவேற்பு.

"வீடியோல நீங்க வரவே மாட்டேங்கறீங்களேக்கா" என்றாள் அனுசுயா.

"நான் எங்கம்மா வர்றது. எங்க வூட்டுக்காரரு தலதான் அப்பப்ப வருது."

பெண் சிரித்தாள். ராஜராஜன் சிரிக்காமல் கொட்டகையைச் சுற்றி வந்தார். வெள்ளை வேட்டி, நிதானமான நடை. அவர் ஊரில் ஜெயலட்சுமியின் அம்மா களை எடுக்கப் போனதுண்டு. எந்த வீட்டு வயல் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை அவள் பேச்சில் கொண்டுவரவில்லை.

"எங்க பாத்தாலும் பெரம்பலூர்க்காரன் பேருதான் அடிபடுது. நீங்க இங்கயே இருக்கீங்க, தெரியல பாருங்க" என்றார்.

"நாங்க இருக்கறது இப்பத்தாங்கய்யா போன்ல தெரியுது."

"சேரெல்லாம் சுத்தமா இருக்கணும். வேற எதுக்கும் போனதா இருக்கக் கூடாது."

அவள் ஒரு நாற்காலியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். "பாருங்க, இதுல புள்ளி இல்ல. புள்ளி வச்சது தனி. பின்னால அடுக்கியிருக்கேன். பாக்கறீங்களா?"

"வேணாம் வேணாம்" என்று அவர் வேகமாகச் சொல்லிவிட்டு முன்பக்கம் நகர்ந்தார்.

அவர்கள் போன பிறகு இராமலிங்கம் கேட்டார்: "மண்டபத்துல வச்சு வீடியோ எடுத்துக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு. அதுவே போடுறேன்னும் சொல்லிச்சு."

"அப்ப நான் பின்னால நிக்க வேணாம்."

"வேணாம். தூண் இருக்கும்."

அந்த ஒரு கல்யாணம் ஒழுங்காக நடந்து, அந்த ஒரு வீடியோ வெளியே வந்துவிட்டால் போதும் என்று ஜெயலட்சுமி நினைத்தாள். இனிமேல் முற்றத்தில் பொய்க் கல்யாணம் நடத்த வேண்டியதில்லை. அடுத்த பெண் கேட்டால் நிஜப் பெண் நின்ற வளைவைக் காட்டலாம்.

ஏலாக்குறிச்சி போகிற வழியில் ஓர் ஊரிலிருந்து பெட்டிக்குச் சொல்லி ஆள் வந்தது அந்த வாரம்தான். வளைவு தாங்கிய இடுப்பு இராமலிங்கத்துக்கு இன்னும் நேராகவில்லை. ஜெயலட்சுமியே சக்தியோடு போனாள். இறந்தது பச்சையம்மாள் என்கிற அம்மா. மகன் கலைச்செல்வன் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். உடம்பு பெஞ்சில் கிடந்தது. வெயில் ஓட்டுக்கு மேலே நின்றது. சுற்றிலும் பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விசிறுவது தங்களுக்கு இல்லை என்பது பார்த்ததும் தெரிந்தது.

பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, உள்ளே குளிர் ஏறியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்தபோது கலைச்செல்வன் பின்னால் வந்தான்.

"பஸ்ல வரும்போதே தேடுனேங்கக்கா. போன்ல திருச்சி நம்பர்தான் வருது. அவன் வர்றேன் வர்றேன்னுட்டு வரவே இல்ல. பக்கத்து வூட்டு அண்ணன்தான் அரியலூர்லயே பெட்டி இருக்குன்னாரு."

"ஆமாப்பா."

"உங்க பேஜ இப்பத்தான் பாத்தேன். கல்யாணமா போட்டிருக்கீங்க. இத ஏன் போடல?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"போட்டு வைங்கக்கா. நாளைக்கு இன்னொருத்தன் பஸ்ல ஒக்காந்து தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."

சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லாமல் எழுந்து போவதுதான் மரியாதை. ஜெயலட்சுமி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறினாள். சக்தியும் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தான். அவன் வாயாடி. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் பெட்டி திரும்பி வந்தது. அவள் அதை டெட்டால் போட்டுக் கழுவி, வெயிலில் துடைத்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தாள். நர்மதா சொல்லிக்கொடுத்திருந்த ஆப்பில் கல்யாணப் படங்களுக்கு அவள் எப்போதும் எடுக்கிற ஓர் அட்டை உண்டு. ஓரத்தில் பூ, மேலே கடையின் பெயர், நடுவில் படம், கீழே போன் நம்பர். படத்தை மாற்றினாள். 'ஐஸ் பெட்டி. எந்த நேரமும் கூப்பிடலாம். அரியலூர் சுற்று வட்டாரம்' என்று அடித்தாள். பூவை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றி, தேடிப்பிடித்து எடுத்தாள். சரியாகச் செய்துவிட்ட திருப்தியில் கணவரிடம் நீட்டினாள். கண்ணாடி போடாமல் பார்த்து, "பெட்டி நல்லா விழுந்திருக்கு" என்றார் அவர். அவள் அதை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு ஜமக்காளம் அலசப் போனாள்.

சாயங்காலம் சக்தி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, போன பாத்தீங்களா?"

"ஏன்?"

"டீக்கடையில என்னப் புடிச்சு நிறுத்தி வச்சிட்டானுங்க. மறுபடியும் வரணுமாமே, எத்தன தடவ சாவுறதுன்னு கேக்கறானுங்க."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். போன் நம்பருக்கும் கீழே, வளைந்த எழுத்தில், 'நன்றி. மீண்டும் வருக' என்று இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு மேடைக்கும் கீழே இருந்தது. பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்கு அது பூவோடு பூவாகிவிட்டிருந்தது. பூவை எடுத்தபோது அது தங்கிவிட்டது.

அதற்கும் கீழே ஊரே வந்து பேசியிருந்தது. 'கண்டிப்பா வர்றோம் அக்கா.' 'ரெண்டாவது தடவைக்குத் தள்ளுபடி உண்டா?' 'எங்க மாமியாருக்கு இப்பவே சொல்லி வச்சிடுங்க.' தள்ளிக்கொண்டே போனாள். அவள் எடுத்த வளைவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட அதிகம் பேர் இந்தப் பெட்டியைப் பார்த்திருந்தார்கள். நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'எங்க அம்மாவுக்கு இவங்கதான் வந்தாங்க. நல்ல மனுஷங்க.' கலைச்செல்வன் எழுதியிருந்தான். அதற்குக் கீழேயும் யாரோ சிரித்திருந்தார்கள்.

அவள் பதிவை அழித்தாள். கலைச்செல்வன் எழுதியதும் அதோடு போயிற்று.

நர்மதா கூப்பிட்டாள். "இனிமே அழிச்சு என்னம்மா. அரியலூர், ஜெயங்கொண்டம், எல்லா குரூப்லயும் படமா ஓடுது. எனக்கே மூணு பேரு அனுப்பிட்டாங்க."

"உன் பேருதான்டி மேல இருக்குது."

"இருந்துட்டுப் போகுது வுடு." பிறகு, "ஒண்ணு கவனிச்சியா, நம்ம பேஜ்ல ஆளு நெறைய சேந்திருக்காங்க" என்றாள்.

"எதுக்குச் சேந்திருக்காங்க?"

நர்மதா அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

கொட்டகைப் பக்கம் போய் ஜெயலட்சுமி நின்றாள். முன்னால் புள்ளி இல்லாதவை, பின்னால் புள்ளி வைத்தவை. நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இடம். இவ்வளவையும் பிரித்து வைத்தவளுக்கு, போன் ஒன்றுதான் என்பது தோன்றாமல் போயிற்று.

ராஜராஜன் வெள்ளிக்கிழமை தனியாக வந்தார். பெண் வரவில்லை. இராமலிங்கம் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரும் முன் அதன் அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. தெரியாம நடந்ததுதான்" என்றார்.

"ஆமாங்கய்யா."

"எங்கக்கா பாத்துட்டா. அவ பாத்தா ஊரு பாத்த மாதிரி. சம்பந்தி வூடு வரைக்கும் போயிருச்சு. இந்தக் கையால மேட போட்டா நல்லாவா இருக்கும்னு கேக்கறாங்க."

"வேற ஆளு பாத்துக்கறீங்களா?"

"இந்த முகூர்த்தத்துல எவன் கெடைக்கிறான்? பெரம்பலூர்க்காரனும் கையில தேதி இல்லைன்னுட்டான்." அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வேலய நீங்களே செய்ங்க. பேரு மட்டும் வேணாம். போர்டு வைக்காதீங்க. வண்டியில எழுதியிருக்கறத மறைச்சிருங்க. யாராவது கேட்டா திருச்சியிலேருந்து வந்திருக்கோம்னு சொல்லிக்கலாம்."

"வீடியோங்க?" என்றார் இராமலிங்கம்.

"அது வேணாம். அதனாலதான இவ்வளவும்."

"அப்ப நாங்க எதுக்குங்க..." என்று தொடங்கிய இராமலிங்கம் மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சரிங்கய்யா" என்றாள் ஜெயலட்சுமி.

அவர் கார் போனதும் இராமலிங்கம் கேட்டார்: "அந்த ஒரு வீடியோவுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தோம். பின்ன ஏன் சரின்ன?"

"பூவெல்லாம் துடைச்சாச்சு."

"அது ஒரு பதிலா?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? மாட்டேன்னா மட்டும் வீடியோ வருமா?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் சக்தி மைதா மாவைக் காய்ச்சி, வண்டியின் இரண்டு பக்கமும் பழைய பேப்பர் ஒட்டினான். நர்மதா மறைந்தாள், பந்தல், வாடகைப் பாத்திரம் மறைந்தது. "திருட்டு வண்டி மாதிரி இருக்குதுக்கா" என்றான். ஜெயலட்சுமி நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. இருந்தும் மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

மண்டபத்தில் வளைவு தூணில் கட்டப்பட்டு நேராக நின்றது. விளக்கு விழுந்ததும், முற்றத்தில் நின்ற வளைவுதானா இது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தூசி இல்லாத இடத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை. அவள் ஜெனரேட்டர் பக்கம் கதவோரமாக நின்றுகொண்டாள். அனுசுயா வந்து வளைவுக்குக் கீழே நின்றதும் எல்லாக் கைகளிலும் போன் எழுந்தது. பெண் தலையைச் சாய்த்தாள், திரும்பினாள், சிரித்தாள். ஜெயலட்சுமியின் போன் இடுப்பில் இருந்தது. எடுக்கவில்லை.

ஒருதடவை அனுசுயா அவளைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள். கையைப் பிடித்து, "சூப்பரா இருக்குக்கா" என்றாள். குரலைத் தாழ்த்தி, "அப்பா சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அதற்குள் யாரோ படத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பந்தி முடிந்து, ஆட்கள் கலைந்து, மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சக்தி போனை நீட்டினான். அனுசுயா போட்ட வீடியோ. வளைவு முழுதாக விழுந்திருந்தது. வெள்ளை ரோஜா ஒவ்வொன்றும் தெரிந்தது. கீழே நிறையப் பேர் வாழ்த்தியிருந்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பெண்கள், இந்த டெக்கரேஷன் யாரு, நம்பர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அனுசுயா பதில் எழுதியிருந்தாள்: 'ஊர்லயே ஒருத்தங்க.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

"நம்பரப் போட்டு வுட்டுரட்டாக்கா? என் போன்லேருந்து போடறேன். யாரு போட்டான்னு தெரியவா போகுது."

"வேணாம்."

"ஊர்லயே ஒருத்தங்கன்னா எவன்னு தேடுவாங்க?"

"சரின்னு சொல்லிட்டோம்ல."

"அது அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னது. இது போன்லதான."

"சக்தி, அந்தக் கயித்த அவுரு."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். வளைவு ஒருபக்கம் சாய்ந்தது. இராமலிங்கம் பழக்கத்தில் ஓடிப்போய்ப் பின்னால் நின்று தாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜமக்காளங்களை அலசிக் கம்பியில் போட்டார்கள். நாற்காலிகளைத் துடைத்து முன்பக்கம் அடுக்கினார்கள். பூவைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தார்கள். சக்தி தண்ணீர் ஊற்றி வண்டியின் பேப்பரைச் சுரண்டினான். பசை காய்ந்துவிட்டதால் எல்லாம் வரவில்லை. கடைசி எழுத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு நின்றது. இராமலிங்கம் இடுப்புக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்த் தைலம் வாங்கி வந்தார். மத்தியானம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மீண்டும் வருகன்னு போட்ட கடைதானம்மா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நம்பர் அந்தப் படத்தில்தான் கிடைத்தது என்றார். ஆமாங்க என்றாள். பெட்டி இருக்கிறதா என்றார். இருக்கிறது, எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பின்பக்கத்திலிருந்து புள்ளி வைத்த நாற்காலிகள் ஏறின. வெயில் சாயும் முன் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துக் குளிர் ஏறுவதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியில் ஏறினாள்.